நாட்பட்ட நோயோடு தாயாகத் தயாராதல்: கர்ப்பத்துக்கு முன்னரே சொல்லவேண்டியவை

திருமணமாகி இரண்டாவது மாதம் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'மிட்வைப் மிஸ்'. முற்றத்தில் கதிரை போட்டு அமர்ந்து, புதுமணத் தம்பதியருக்கான படிவத்தை ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார். நீரிழிவு இருக்கிறதா? இல்லை. பிரசர்? இல்லை. இருதய வருத்தம்? இல்லை. வலிப்பு?

மாமி தேத்தண்ணி கொண்டுவந்து பக்கத்தில் நின்றார். நான் "இல்லை" என்றேன்.

அந்த நேரம் என் கைப்பைக்குள் ஒரு மாதத்துக்கான வலிப்புக் குளிசைகள் இருந்தன.

2009 மார்ச்சில் மாத்தளனில் செல் விழுந்தபோது எனக்கு 19 வயது. தலையின் இடப்பக்கத்தில் காயம். செஞ்சிலுவைக் குழு ஒழுங்குசெய்த கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு வவுனியா, பிறகு முகாம். காயம் ஆறிவிட்டது. முதல் வலிப்பு வந்தது அடுத்த வருடம். தலையில் காயப்பட்டவர்களுக்கு மாதங்கள் கழித்தும், சிலவேளை வருடங்கள் கழித்தும் வலிப்பு தொடங்கலாம் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அம்மா முதலில் நேர்த்தி வைத்தார், அதன் பிறகு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அன்று எழுதித் தந்த சோடியம் வல்புரோவேற் குளிசையை 13 வருடங்கள் எடுத்தேன். அந்த 13 வருடங்களில் அந்தக் கிளினிக்கில் ஒருவர்கூட, பிள்ளை பெறும் யோசனை இருக்கிறதா என்று என்னிடம் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. காலை 6 மணிக்கு நம்பர் எடுத்து, 11 மணிக்கு 2 நிமிடம் வைத்தியரைப் பார்க்கும் இடத்தில், கேட்காத ஒன்றை நாமாகச் சொல்வது இலகுவானதல்ல.

போரின்போது சிறுமிகளாகவும் இளம்பெண்களாகவும் இருந்த நாங்கள் இப்போது முப்பதுகளில் இருக்கிறோம். திருமணங்கள் பிந்தி நடக்கின்றன. முதல் பிள்ளைக்கு நினைக்கும்போதே சிலருக்குச் சீனி, சிலருக்குப் பிரசர், சிலருக்கு உடம்பில் இன்னும் எடுக்கப்படாத செல் துண்டு. கர்ப்பிணிகளுக்கான கிளினிக் எங்கே, எந்த நாள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னர் என்ன செய்யவேண்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. நான் தெரிந்துகொள்ளப் பிந்திப்போனவற்றை இங்கே எழுதுகிறேன். இது வைத்திய ஆலோசனைக்குப் பதிலானதல்ல. வைத்தியரிடம் போகும்போது என்ன கேட்பது என்பதற்கானது.

28 நாட்கள்

பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. கணக்குப் பார்த்தால் மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு கிழமை. ஒழுங்கில்லாமல் மாதவிடாய் வரும் பெண் அப்போது சந்தேகப்படக்கூடத் தொடங்கியிருக்க மாட்டாள். எங்கள் நாட்டில் 8 வாரங்களுக்குள் கர்ப்பத்தைப் பதியச் சொல்கிறார்கள். நல்ல நடைமுறை அது. ஆனால் 8ஆம் வாரத்தில் கொடுக்கும் போலிக் அமிலம் அந்தக் குழாய்க்கு உதவாது, 8ஆம் வாரத்தில் மாற்றும் மருந்து அதற்குள் நடந்துவிட்ட பாதிப்பைத் திருத்தாது.

ஆகவே போலிக் அமிலம் கருத்தரிக்க முன்னரே, முடிந்தால் 3 மாதங்களுக்கு முன்னரே தொடங்கவேண்டும். பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். நீரிழிவு உள்ளவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள், உடற்பருமன் அதிகமானவர்கள், முன்னர் நரம்புக் குழாய்க் குறைபாட்டோடு பிள்ளை பிறந்தவர்கள் ஆகியோருக்கு 5 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். எந்த அளவு என்பதை உங்கள் நோயைச் சொன்னால்தான் தீர்மானிக்கமுடியும். சொல்லாமல் விட்டால் எல்லோருக்கும் கொடுப்பதைத்தான் உங்களுக்கும் கொடுப்பார்கள். எனக்கும் அதுதான் நடந்தது.

இங்கே சட்டத்தையும் சொல்லவேண்டும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவைப்படி, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக மட்டுமே இலங்கையில் கருக்கலைப்புக்கு அனுமதி உண்டு. ஐந்தாம் மாத ஸ்கானில் பிள்ளைக்குப் பாரிய குறைபாடு தெரிந்தாலும் சட்டம் மாறாது. அது சரியா பிழையா என்ற விவாதம் வேறு. அந்தச் சட்டத்தின் கீழ் வாழும் பெண்ணுக்கு, கர்ப்பத்துக்கு முன்னரான மாதங்கள் மற்ற நாட்டுப் பெண்களுக்கு இருப்பதைவிடப் பெறுமதியானவை.

வலிப்பு: நிறுத்துவதும் மாற்றுவதும் ஒன்றல்ல

2022இல் மருந்துத் தட்டுப்பாடு பற்றி ஒரு கட்டுரைக்காக வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் என் குளிசையைப் பற்றி முதன்முதலாக அறிந்தேன். 2018இலேயே பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, பிள்ளை பெறக்கூடிய வயதிலுள்ள பெண்களுக்கு, கர்ப்பத்தைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாமல் வல்புரோவேற் கொடுக்கக்கூடாது என்று விதித்திருந்தது. கர்ப்பத்தின்போது இந்த மருந்தை எடுத்த தாய்மாரின் பிள்ளைகளில் 10 பேரில் ஒருவருக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. பொதுவாக அது 100 பேரில் 2, 3 பேர்தான். 10 பேரில் 3, 4 பேருக்குப் பேச்சு, கற்றல், நடத்தை ஆகியவற்றில் வளர்ச்சிப் பிரச்சினைகள் வரலாம்.

வாசித்த அன்றிரவு குளிசைப் பெட்டியைக் குப்பையில் போடத்தான் மனம் வந்தது. போடாமல் விட்டதற்குக் காரணம் முகாமில் என்னோடு இருந்த ஒருத்தி. அவளுக்கும் தலைக் காயம், அவளுக்கும் வலிப்பு. கர்ப்பம் என்று தெரிந்ததும் "மருந்து பிள்ளைக்குக் கூடாது" என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டுத் தானாகவே நிறுத்தினாள். ஏழாம் மாதம் கிணற்றடியில் விழுந்தாள். பிள்ளை தப்பியது. அவள் இரண்டு கிழமை தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். திடீரென நிறுத்தினால் தொடர் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். தாய்க்கு வரும் பெரிய வலிப்பு பிள்ளைக்கும் ஆபத்து.

லமோற்றிஜின், லெவெற்றிராசெற்றாம் போன்றவை கர்ப்பத்தில் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானவையாகக் கருதப்படுகின்றன. ஆனால் எல்லோருடைய வலிப்பும் எல்லா மருந்துக்கும் அடங்காது. மாற்றுவதாக இருந்தால் நரம்பியல் வைத்திய நிபுணர்தான் மெதுவாக, ஒன்றைக் கூட்டி மற்றதைக் குறைத்து மாற்றவேண்டும். அதற்கு மாதங்கள் எடுக்கும். கருத்தரிக்க முன்னர் 9 மாதங்களாவது வலிப்பு வராமல் இருந்தவர்களுக்குக் கர்ப்பத்திலும் வராமல் இருக்கும் வாய்ப்பு அதிகம். இந்தக் கணக்கையெல்லாம் கூட்டினால் ஒரு வருடத்துக்கு மேல் வருகிறது. அதனால்தான் முன்னரே சொல்லவேண்டும் என்கிறேன். வலிப்புள்ள பெண்களில் மிகப் பெரும்பாலானோர் ஆரோக்கியமான பிள்ளைகளைப் பெறுகிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

எனக்கு மருந்து மாற்றும்போது ஒரு வலிப்பு வந்தது. குசினியில், மாமிக்கு முன்னால். இவருக்கு என் வருத்தம் திருமணத்துக்கு முன்னரே தெரியும். மாமிக்குச் சொல்லவேண்டாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்தே முடிவெடுத்திருந்தோம். அன்று முழுவதும் மாமி என்னோடு கதைக்கவில்லை. மறுநாள் காலையில் கேட்டார்: "தம்பிக்குத் தெரியுமோ?" தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "எனக்கும் தெரிஞ்சிருந்தா உன்னைத் தனிய அடுப்படியிலை விட்டிருக்கமாட்டன் பிள்ளை."

எல்லா வீட்டிலும் இப்படி முடியாது என்பதை அறிவேன். வருத்தத்தைச் சொன்னதால் குழம்பிய கல்யாணங்களை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்களில் சாதகத்தில் செவ்வாய் எங்கே நிற்கிறது என்று துருவிக் கேட்பார்கள், கிளினிக் கொப்பியைக் கேட்க மாட்டார்கள். கேட்டால் பெண் வீட்டார் மறைப்பார்கள். அந்த மறைப்பின் செலவு கடைசியில் பெண்ணின் உடம்பில்தான் விழுகிறது. மாமியாருக்குச் சொல்வதும் விடுவதும் அவரவர் நிலைமை. மிட்வைப் மிஸ்ஸிடம் தனியாகச் சொல்லலாம். வீட்டில் ஆட்கள் நின்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய்ச் சொல்லலாம். நான் அப்படித்தான், ஆறு மாதம் பிந்தி, போய்ச் சொன்னேன்.

சீனியும் பிரசரும்

நீரிழிவு உள்ள பெண் கருத்தரிக்க முன்னர் கேட்கவேண்டிய பரிசோதனை எச்பிஏ1சி. கடந்த 3 மாதங்களின் சராசரிச் சீனி அளவை அது காட்டும். கிளினிக்குக்கு முதல்நாள் மட்டும் சோறு குறைத்து அதை ஏமாற்றமுடியாது. 6.5 வீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பின் கருத்தரிப்பது நல்லது. 10 வீதத்துக்கு மேல் என்றால் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். அந்தளவு சீனியில் குறைப்பிரசவம், இருதயக் குறைபாடு, கருச்சிதைவு ஆகியவற்றின் ஆபத்து அதிகம். கண்ணின் விழித்திரையையும் சிறுநீரகத்தையும் முன்னரே சோதிக்கவேண்டும். கர்ப்பத்தில் விழித்திரைப் பாதிப்பு மோசமடையலாம்.

சீனிக்கும் பிரசருக்கும் எடுக்கும் எல்லாக் குளிசைகளும் ஒன்றல்ல. மெற்போமினைத் தொடர விடலாம், இன்சுலினுக்கும் மாற்றலாம். ஆனால் பிரசருக்குக் கொடுக்கும் எனலப்ரில், லொசார்ட்டன் போன்றவை பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மெதில்டோப்பா, நிபெடிப்பின், லபெற்றலோல் போன்ற மாற்றுகள் உள்ளன. கொலஸ்ட்ரோலுக்கான அற்றோவாஸ்ரற்றினையும் வழக்கமாக நிறுத்துவார்கள். 30 வயதுப் பெண்ணுக்கும் 60 வயது ஆணுக்கும் ஒரே குளிசைப் பொதி கட்டிக் கொடுக்கும் கிளினிக்கில், "எனக்குப் பிள்ளை தேவை" என்ற ஒரு வசனம்தான் அந்தப் பொதியை மாற்றும்.

தைரொயிட் குறைபாட்டுக்கு தைரொக்சின் எடுப்பவர்கள் நிறுத்தவே கூடாது. கர்ப்பம் உறுதியானதும் அளவைக் கூட்டவேண்டி வரும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் சிறுநீரக நோய் கண்டறியப்பட்டவர்கள் கிரியேற்றினின், சிறுநீரில் புரதம் ஆகிய இரண்டையும் பார்த்துவிட்டே முடிவெடுக்கவேண்டும்.

முகாமில் வந்த தொண்டை நோவு

இலங்கையில் தாய்மரணம் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 30 என்ற அளவை ஒட்டியே இருக்கிறது. தெற்காசியாவில் இது பெருமைப்படத்தக்கது. அந்த மரணங்களுக்கான முன்னணிக் காரணங்களில் ஒன்று இருதய நோய்.

வாத இருதய நோய் சிறுவயதில் வரும் ஒரு தொண்டைத் தொற்றில் தொடங்குகிறது. நெருக்கமாக ஆட்கள் வாழும் இடங்களில் அந்தத் தொற்று எளிதில் பரவும். ஒரு தறப்பாள் கூடாரத்தில் எத்தனை பேர் படுத்தோம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. தொற்று போய்விடும். இருதய வால்வு சுருங்கியிருப்பது பல வருடங்களுக்குத் தெரியாது. கர்ப்பத்தில் உடம்பிலுள்ள குருதியின் அளவு 40 முதல் 50 வீதம் வரை கூடும்போது அந்த வால்வு தாங்காது. மூச்சு வாங்குகிறது என்று பெண் சொல்வாள். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள்.

சிறுவயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தவர்கள், பெனிசிலின் ஊசி போட்டவர்கள், படியேறினால் இளைப்பவர்கள், கர்ப்பத்துக்கு முன்னர் எக்கோ பரிசோதனைக்குக் கேளுங்கள். சுருங்கிய வால்வைக் கர்ப்பத்துக்கு முன்னரே பலூன் மூலம் விரிக்கமுடியும். பெனிசிலின் ஊசியைக் கர்ப்பத்திலும் தொடரலாம். செயற்கை வால்வுக்காக வார்பரின் எடுப்பவர்களின் நிலை சிக்கலானது. மருந்து கருவைப் பாதிக்கும், நிறுத்தினால் வால்வில் குருதி கட்டிபடும். இருதய வைத்திய நிபுணரும் மகப்பேற்று வைத்திய நிபுணரும் சேர்ந்து திட்டமிட்ட பிறகே அவர்கள் கருத்தரிக்கவேண்டும். நுரையீரல் நாடியில் அழுத்தம் மிகுந்தவர்கள் போன்ற சிலருக்கு "வேண்டாம்" என்ற பதிலே வரும். கிளிநொச்சியில் நான் சந்தித்த ஓர் அக்காவுக்கு அப்படிச் சொல்லப்பட்டது. அவரை அழவைத்தது அந்தப் பதில் அல்ல. அதை அவருக்குச் சொல்லாமல் கணவருக்கு மட்டும் சொன்னதுதான்.

செல் துண்டும் தொலைந்த துண்டும்

"உடம்பில் இருக்கும் இரும்பு பிள்ளைக்குப் போகுமா?" இந்தக் கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். தசைக்குள் பல வருடங்களாகப் பேசாமல் கிடக்கும் இரும்புத் துண்டு பொதுவாகப் பிள்ளையைப் பாதிப்பதில்லை. ஈயம் கலந்த துப்பாக்கிச் சன்னம் வேறு விடயம். குறிப்பாக மூட்டுக்குள் இருந்தால் ஈயம் மெதுவாகக் கரைந்து குருதியில் சேரலாம். எலும்பில் படிந்த ஈயம் கர்ப்பத்தில் வெளியேறிப் பிள்ளையையும் சென்றடையலாம். அப்படிப்பட்டவர்கள் குருதியில் ஈய அளவைச் சோதிக்கமுடியுமா என்று கேட்கவேண்டும். எங்கே என்ன இருக்கிறது என்று அறிய எக்ஸ்ரே எடுப்பதானால் கர்ப்பத்துக்கு முன்னரே எடுங்கள். எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னால், உடம்பில் உலோகம் இருப்பதை முதலில் சொல்லுங்கள். காந்தம் அதை நகர்த்தக்கூடும்.

முதுகில் துண்டு உள்ளவர்களுக்கு இன்னொன்று. சிசேரியன் செய்யும்போது வழக்கமாக முதுகில்தான் விறைப்பு ஊசி போடுவார்கள். மயக்கமருந்து வைத்திய நிபுணருக்கு அது அன்றிரவு மேசையில் வைத்துத் தெரியவரக்கூடாது. வயிற்றுக் காயத்துக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்குக் குடல் உள்ளே ஒட்டியிருக்கலாம். அதுவும் சிசேரியன் செய்பவருக்கு முன்னரே தெரியவேண்டியது.

பிரச்சினை என்னவென்றால், எங்களில் பலரிடம் துண்டு இல்லை. செல் துண்டைச் சொல்லவில்லை, வைத்தியசாலைத் துண்டைச் சொல்கிறேன். எனக்கு எங்கே, யார், என்ன செய்தார்கள் என்பதைக் காட்டும் கடதாசி கடலோடு போய்விட்டது. அதனால் நானே ஒரு கொப்பியில் எழுதினேன்: காயப்பட்ட மாதம், உடம்பின் இடம், தையல் தழும்புகள், குருதி ஏற்றியது, இப்போது எடுக்கும் குளிசையின் பெயரும் அளவும், ஒவ்வாத மருந்து. அம்மாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் பாதியை நிரப்பினேன். இரண்டு பக்கம் வந்தது. நரம்பியல் வைத்தியர் அதை வாங்கி முழுவதும் வாசித்தார். 13 வருடங்களில் ஒரு வைத்தியரோடு 2 நிமிடத்துக்கு மேல் கதைத்தது அன்றுதான்.

முள்ளந்தண்டில் காயப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருமானால் கருத்தரிக்க முடியும். சிறுநீர்த் தொற்றும் படுக்கைப் புண்ணும் அவர்கள் முன்கூட்டியே கவனிக்கவேண்டியவை. பிரசவ வலி தெரியாமலே போகலாம். நெஞ்சு மட்டத்துக்கு மேலே அடிபட்டவர்களுக்குப் பிரசவத்தின்போது திடீரெனக் கடும் தலையிடி, வியர்வையோடு குருதியமுக்கம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். பிரசவ விடுதிக்கு இது பழக்கமில்லாத விடயமாக இருக்கலாம், ஆகவே நீங்களே சொல்லுங்கள். கணவருக்கு முள்ளந்தண்டுக் காயம் என்றால் கருத்தரிப்பில் தடை வரலாம். சிகிச்சை உண்டு. ஆனால் ஊர் கேள்வி கேட்பது மனைவியிடம்தான்.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் இதில் அடங்குவர். நித்திரையில்லை, பயங்கரக் கனவு, மனச்சோர்வு என்று வருடக்கணக்கில் குளிசை எடுக்கும் பெண்கள் கர்ப்பம் என்றதும் நிறுத்திவிட்டு, பிள்ளை பிறந்த பின் உடைந்துபோகிறார்கள். பல மனச்சோர்வு மருந்துகளைக் கர்ப்பத்திலும் தொடரலாம். மனநிலையைச் சமப்படுத்த வல்புரோவேற் கொடுக்கப்படுவதும் உண்டு. நான் வலிப்புப் பகுதியில் எழுதியது அவர்களுக்கும் பொருந்தும்.

காத்திருக்கும் காலம்

மருந்து மாறும்வரை, சீனி இறங்கும்வரை கர்ப்பம் வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். காபமசெப்பின், பெனிற்ரொயின், பீனோபாபிற்றோன் ஆகிய வலிப்பு மருந்துகள் கருத்தடைக் குளிசையினதும் கையில் வைக்கும் குச்சியினதும் பலனைக் குறைக்கும். கருத்தடைக் குளிசை லமோற்றிஜினின் பலனைக் குறைக்கும். மூன்று மாத ஊசி நல்லதுதான், ஆனால் நிறுத்திய பின் கருத்தரிக்கப் பல மாதங்கள் எடுக்கலாம். அடுத்த வருடம் பிள்ளை வேண்டும் என்பவர்களுக்கு லூப் அல்லது ஆணுறை பொருத்தம். இடப்பெயர்வுகளில் தடுப்பூசி அட்டையைத் தொலைத்தவர்கள் ருபெல்லா ஊசி பற்றி இந்தக் காலத்தில் கேட்டுக்கொள்ளலாம். போட்டால் குறைந்தது ஒரு மாதமாவது கருத்தரிக்கக்கூடாது.

எனக்குக் கடைசி வலிப்பு வந்து இன்று 10 மாதம். 5 மில்லிகிராம் போலிக் அமிலம் தொடங்கி இரண்டாவது மாதம். புதிய குளிசை சில மாதங்களில் வைத்தியசாலையில் இருப்பதில்லை, வெளியில் வாங்குகிறோம். பிள்ளை பிறந்தால் நித்திரை குழம்பும், நித்திரை குழம்பினால் வலிப்பு வரலாம் என்பதால் இரவில் யார் எழும்புவது என்று இவரோடு இப்போதே பேசி வைத்திருக்கிறேன். தனியாகக் குளிப்பாட்டக்கூடாது, உடுப்பு மாற்றுவதானால் கட்டிலில் அல்ல நிலத்தில் வைத்து மாற்றவேண்டும் என்று மிட்வைப் மிஸ் சொல்லித்தந்தார். பழைய படிவத்தில் வலிப்புக்கு நேரே இருந்த "இல்லை"யை வெட்டிவிட்டு "ஆம்" என்று எழுதிப் பக்கத்தில் ஒப்பமும் வைத்தார்.

அடுத்த கிளினிக்குக்கு மாமியும் வருகிறார். அவருடைய சீனிக் கிளினிக்கும் அன்றைக்குத்தான்.